எதிரணி சொன்னதை முதலில் சொல்லுங்கள்

குமரி மாவட்டக் கல்லூரிகளிலிருந்து பேச்சுப்போட்டிக்கும் பட்டிமன்றத்துக்கும் மேடை ஏறும் மாணவ மாணவியருக்கு,

அன்புள்ள மக்களே,

உங்களில் பலருடைய பேச்சை நடுவர் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். நன்றாகப் பேசுகிறீர்கள். குரலை எங்கே ஏற்ற வேண்டும், எங்கே நிறுத்தினால் கைதட்டல் விழும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. பூதப்பாண்டியில் ஜீவாவும் தேரூரில் கவிமணியும் ஒழுகினசேரியில் கலைவாணரும் பிறந்த நாஞ்சில் நாட்டில் பேச்சுக்குப் பஞ்சம் வந்ததில்லை, இனியும் வராது. நான் எழுத வந்தது எதிரணிக்காரர் பேசும்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதைப் பற்றி.

அந்த ஐந்து நிமிடத்தில் பெரும்பாலும் குறிப்புச் சீட்டைப் புரட்டுகிறீர்கள். அடுத்துச் சொல்லப்போகும் வரியை உதட்டுக்குள் ஓட்டிப் பார்க்கிறீர்கள். எதிரே பேசுபவரின் நாக்கு ஒரு சொல்லில் தடுக்கினால் அதை மட்டும் குறித்துக்கொள்கிறீர்கள். உங்கள் முறை வந்ததும் "எதிரணி நண்பர் என்ன சொல்ல வருகிறார் என்றால்" என்று தொடங்கி, அவர் சொல்லாத ஒன்றை அவர் வாயில் வைத்து, அதை அடித்து நொறுக்கிவிட்டு இறங்குகிறீர்கள். சபை ஆர்ப்பரிக்கிறது, பரிசும் கிடைக்கிறது. மதிப்பெண் தாளில் பொருளடக்கம், மொழிநடை, குரல், நேரம் என்று கட்டங்கள் இருக்கின்றன. எதிராளி சொன்னதைச் சரியாகக் காதில் வாங்கினாரா என்பதற்கு அதில் கட்டம் கிடையாது. இல்லாத கட்டத்துக்கு நீங்கள் உழைக்கவில்லை என்று உங்களைக் குறைசொல்வது நியாயம் ஆகாது. அந்தக் கட்டத்தைச் சேர்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த மடல்.

போட்டியோடு முடிந்துபோகிற சங்கதி என்றால் விட்டுவிடலாம். நாம் வாழும் மாவட்டம் அப்படி விடக்கூடியதாக இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கே இந்துக்கள் 48.65 விழுக்காடு, கிறிஸ்தவர்கள் 46.85, முஸ்லிம்கள் ஏறத்தாழ 4.2. எண்ணிக்கையைக் காட்டி யாரும் யாரையும் வாயடைக்க முடியாத கணக்கு இது. அதே கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 விழுக்காடு, தமிழ்நாட்டில் முதலிடம். இவ்வளவு படித்த ஊர்களில் ஒருவர் குறையை இன்னொருவர் பொறுமையாகக் கேட்பார் என்று வெளியூர்க்காரர் எதிர்பார்க்கக்கூடும். 1982 வேறு கதை சொல்கிறது.

அப்போது நீங்கள் பிறந்திருக்கவில்லை. உங்கள் அப்பா அம்மாவே பள்ளிக்கூடப் பிள்ளைகளாக இருந்திருப்பார்கள். மண்டைக்காடு பகவதியம்மன் கோயில் மாசிக் கொடை பத்து நாள் திருவிழா. கேரளத்திலிருந்து பெண்கள் இருமுடி கட்டி வருவதால் பெண்களின் சபரிமலை என்று அதற்குப் பெயர். கோயிலுக்குப் பக்கத்திலேயே கடல். கடற்கரையில் புதூர், கத்தோலிக்க மீனவர்களின் ஊர். அம்மனைக் கும்பிட வருகிறவர்கள் கடலில் நீராடுவது வழக்கம், அந்தக் கடல் புதூர்க்காரர்களுக்கு வீட்டு முற்றம். இரண்டு கூட்டமும் காலங்காலமாக அதே மணலில்தான் நடமாடிக்கொண்டிருந்தன. 1982 மார்ச் 1ஆம் தேதி அங்கே மோதல் வெடித்தது. போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. பிறகு கலவரம் மண்டைக்காட்டோடு நிற்கவில்லை, வேறு ஊர்களுக்கும் பரவியது. நீதிபதி பி. வேணுகோபால் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது.

யார் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்வது இந்த மடலின் வேலை கிடையாது. சண்டைக்கு முன்னும் பின்னும் நடந்த பேச்சைக் கவனியுங்கள். கடலில் நீராடப் போன பெண்களிடம் மரியாதைக்குறைவாக நடந்துகொண்டார்கள் என்பது ஒரு தரப்பின் புகார். ஒலிபெருக்கி கட்டி எங்கள் நம்பிக்கையை இழித்துப் பேசினார்கள் என்பது மறு தரப்பின் புகார். இவை இரண்டும் தனித்தனிப் புகார்கள். இரண்டையும் தனித்தனியாக விசாரித்திருக்கலாம், தனித்தனியாகப் பரிகாரமும் தேடியிருக்கலாம். ஆனால் கோபம் தலைக்கேறிய நேரத்தில் ஒரு புகாரை இன்னொரு புகாருக்குப் பதிலாகத்தான் நாம் நீட்டுவோம். "எங்க பொம்பளையள என்ன செய்தீங்க?" என்று ஒருவர் கேட்டால் "நீங்க மைக்குல என்ன பேசினீங்க?" என்பது மறுமொழியாகிவிடும். கேட்ட இரண்டு பேருக்குமே விடை கிடைக்காது. நம்மைப் பேசவே விடவில்லை என்ற எண்ணம் மட்டும் இரு பக்கமும் கெட்டிப்படும். குடும்பத்துச் சொத்துத் தகராறிலிருந்து ஊர்க்கூட்டம் வரை நான் பார்த்த சண்டைகளில் பாதிக்குமேல் இந்த அச்சில்தான் வார்க்கப்பட்டிருக்கின்றன.

புகாருக்கு அடியில் அச்சம் கிடந்தது. உள்நாட்டுப் பக்கம், நம் எண்ணிக்கை குறைந்துகொண்டே போகிறது என்ற அச்சம். கடற்கரைப் பக்கம், பின்னால் கடல், முன்னால் நம்மை மதிக்காத ஊர்கள், ஓடினால் எங்கே ஓடுவது என்ற அச்சம். இவற்றை யாரும் மேடையில் சொல்வதில்லை. மேடையில் வருவது வீரம். அச்சத்தோடு இருப்பவனிடம் ஆதாரம் காட்டி வாதாடினால் அவன் இன்னும் இறுகிப்போவான். அவன் எதற்குப் பயப்படுகிறான் என்பதை அவன் வாயாலேயே கேட்டறிந்த பிறகுதான் ஆதாரத்துக்கு வேலை.

அந்த நேரத்தில் நம் மாவட்டத்துக்கு வந்தவர் குன்றக்குடி அடிகளார். இங்கேதான் மேடைப் பேச்சாளர்களான உங்களுக்கும் 1982க்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. நீங்கள் இன்று ஏறும் பட்டிமன்ற மேடையைத் தமிழ்நாடெங்கும் மக்கள் விரும்பிக் கேட்கும் மேடையாக ஆக்கியவர்களில் முதன்மையானவர் அவர். சா. கணேசன் 1939இல் தொடங்கிய காரைக்குடிக் கம்பன் கழகத்தின் மேடையும் அந்த வரலாற்றில் சேர்ந்தது. இரண்டு அணிகளையும் பேசவிட்டு, இரண்டின் வலுவையும் எடுத்துக்காட்டித் தீர்ப்புச் சொல்வதில் பெயர்பெற்ற மனிதர், காவி உடுத்த சைவ மடாதிபதி, கலவரம் நடந்த பகுதிக்கு வந்தார். மீனவர் ஊர்களுக்குள் போனார். இரண்டு தரப்பு மக்களையும் சந்தித்தார், அவர்கள் சொன்னதைக் கேட்டார், அவர்களை ஒருவரோடொருவர் பேசவைத்தார். நடுவராக மேடையில் உட்கார்ந்தவர் அங்கே தீர்ப்புச் சொல்லவில்லை. அந்த முயற்சியின் தொடர்ச்சியாகத்தான் திருவருட் பேரவை உருவாகி, வெவ்வேறு சமயத்தாரும் ஒன்றாக உட்கார இடம் கிடைத்தது.

அவர் போனதே பாதி வேலையை முடித்திருக்கும் என்பது என் எண்ணம். குறையுள்ளவரை நம் மடத்துக்கோ அலுவலகத்துக்கோ கூப்பிட்டுக் கேட்பது ஒன்று, அவர் வீட்டுத் திண்ணைக்குப் போய்க் கேட்பது வேறொன்று. தன் இடத்தில் இருப்பவன் சுற்றி வளைக்காமல் பேசுவான். அவனைச் சுற்றி இருப்பவர்கள் அவன் விட்டதை எடுத்துக்கொடுப்பார்கள். வந்தவருக்கோ சொல் மட்டுமின்றி அந்த ஊரின் இடிந்த சுவரும் கரையேறாத வள்ளமும் கண்ணில் படும்.

அடிகளார் வளர்ந்த சைவ மரபில் இதற்கு ஒரு பழைய பயிற்சி இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் அருள்நந்தி சிவாசாரியார் எழுதிய சிவஞான சித்தியாருக்கு இரண்டு பகுதிகள். சுபக்கம் தன் கொள்கையைச் சொல்வது. அதற்கு முன்னால் நிற்பது பரபக்கம். அதில் உலகாயதன் தொடங்கி ஒவ்வொரு மாற்றுக் கொள்கைக்காரரும் என்ன சொல்கிறார் என்பதை முதலில் விரித்துச் சொல்லி, அதற்குப் பிறகே மறுப்பு எழுதுகிறார். கடவுள் இல்லை என்பவனின் வாதத்தை ஒரு சைவ நூல் தன் ஏட்டில் இடம் கொடுத்து எழுதிவைத்திருக்கிறது. மேடையில் எதிரணிக்கு இரண்டு வரிகூடத் தர மனமில்லாத நமக்கு இது பெரிய பாடம். ஏறத்தாழ அதே காலத்து நன்னூலும் அப்படித்தான். நூல் எழுதுபவன் கைக்கொள்ளும் ஏழு வகை மதங்களை, அதாவது கொள்கை நிலைகளை, பவணந்தி முனிவர் அடுக்கும்போது, பிறர் கொள்கைக்கு உடன்படுவதை முதலில் வைக்கிறார். மறுப்பது அதற்கு அடுத்தது. மூன்றாவதாக வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது: பிறர் கொள்கையை முதலில் தானே ஏற்றுக்கொண்டு நடந்து பார்த்து, பிறகு அதைக் களைவது. ஏற்றுக்கொண்டு நடந்து பார்க்கிறவனுக்குத்தான் அந்தக் கொள்கை எந்த இடத்தில் தாங்குகிறது, எந்த இடத்தில் உடைகிறது என்பது தெரியும். பாடம் கேட்பதைப் பற்றியும் நன்னூல் தனியாகப் பேசுகிறது. இரண்டு முறை கேட்டால் பிழை குறையும், மூன்று முறை கேட்டால்தான் முறையாக எடுத்துச் சொல்ல முடியும் என்று கணக்கே போட்டுக் கொடுத்திருக்கிறது.

அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1951இல் ஒரு உரையில் இதையொத்த எளிய விதி ஒன்றைச் சொன்னார். வாக்குவாதம் முற்றும்போது நிறுத்துங்கள். எதிரே இருப்பவர் சொன்னதையும் அவர் உணர்வதையும், அவரே ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொன்ன பிறகுதான் உங்கள் கட்சியைச் சொல்லலாம். செய்து பாருங்கள், இவ்வளவு கடினமான வேலை வேறில்லை என்று அவரே எச்சரித்தார். மக்களே, இன்று இரவே வீட்டில் செய்து பார்க்கலாம். தம்பியோடு சண்டை வரும்போது, "நீ இப்பிடித்தான சொல்லுக?" என்று அவன் வாதத்தை முழுதாகச் சொல்லுங்கள். "ஆமா, அதான்" என்று அவன் தலையாட்டும்வரை உங்கள் பேச்சைத் தொடங்காதீர்கள். பெரும்பாலும் முதல் தடவை அவன் தலையாட்ட மாட்டான். "இல்ல, நான் அப்பிடிச் சொல்லல்ல" என்பான். அந்த "இல்ல"வில்தான் சண்டையின் உண்மையான காரணம் இருக்கும்.

கேட்பது என்றால் தலையாட்டிக்கொண்டே இருப்பது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கேட்பதற்கு அளவைநூல் அறிவு வேண்டும். மணிமேகலை வஞ்சி நகரத்தில் பல சமயத்தாரிடமும் போய் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். ஏறத்தாழ எல்லோரிடமும் கேட்டுக்கொள்வதோடு சரி, பூதவாதியிடம் மட்டும் பதில் பேசுகிறாள். பிறகு காஞ்சிக்குப் போய் அறவண அடிகளிடம் காட்சி எது, கருத்தளவை எது, எந்த வாதம் போலி என்று அளவை இலக்கணம் கற்கிறாள். இந்த வரிசை எனக்கு முக்கியமாகப் படுகிறது. முதலில் எல்லோரையும் கேட்டாள், எடைபோடும் கருவி பிறகு வந்தது.

அந்தக் கருவியின் மிகச் சிறிய வடிவத்தையாவது நீங்கள் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் சைவ நூல்கள் அறிவு வரும் வழியைக் காட்சி, கருதல், உரை என்று மூன்றாகச் சுருக்கும். ஒருவர் ஓடிவந்து "அந்த ஊர்க்காரன் இப்படிச் செய்துவிட்டான்" என்று சொன்னால் கேளுங்கள்: நீங்கள் பார்த்தீர்களா? வேறொன்றைப் பார்த்து இப்படித்தான் இருக்கும் என்று எண்ணினீர்களா? யாராவது சொன்னார்களா, சொன்னவர் பார்த்தாரா? 1982இல் கைப்பேசி இல்லை. வதந்திக்குச் சைக்கிளும் பேருந்தும்தான் வாகனம். இன்று கையிலிருக்கும் கருவியில் பார்த்ததும் எண்ணியதும் கேள்விப்பட்டதும் ஒரே எழுத்தில், ஒரே அளவில் வந்து விழுகின்றன. மூன்றையும் பிரித்துக் கேட்கும் ஒரு ஆள் ஒவ்வொரு தெருவிலும் வேண்டும். மேடைப் பயிற்சி உள்ள நீங்கள் கேட்டால் ஊர் கேட்கும், அந்த மரியாதை உங்களுக்கு இருக்கிறது.

சொன்னது போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காததால் என்ன ஆகும் என்பதை நீங்களே கண்ணால் கண்டிருக்கிறீர்கள். 2017 நவம்பர் 30, ஒக்கி. புயல் நம் கரையை ஒட்டிப் போனபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் பல நாள்களுக்கு முன்பே கடலுக்குப் போயிருந்தார்கள். எச்சரிக்கை கொடுத்தோம் என்றது அதிகாரத் தரப்பு. எங்களுக்கு வரவில்லை என்றார்கள் மக்கள். கரையில் கொடுத்த அறிவிப்பு, எட்டாத தொலைவில் வலை இழுத்துக்கொண்டிருந்தவனுக்குச் சொன்னதாக ஆகாது. பிறகு காணாமற்போனவர்களின் எண்ணிக்கையிலும் இதே கதை நடந்தது. அலுவலகத்தில் ஒரு பட்டியல், ஊரில் பங்குத்தந்தையர் வீடு வீடாகக் கேட்டு எழுதிய பட்டியல் வேறு. டிசம்பர் 7ஆம் தேதி ஆயிரக்கணக்கான மீனவ மக்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். முதலமைச்சர் நேரில் வர வேண்டும் என்பது அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று. இழப்பீட்டுப் பணத்தைப் பற்றிய பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே எதற்காக ஒரு ஆளை நேரில் வரச் சொன்னார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள். எங்கள் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள் என்பதுதான் அதற்குப் பொருள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "பொறுமையாகக் கேளுங்கள்" என்ற அறிவுரை நம் நாட்டில் எப்போதும் எளியவனுக்கே போகிறது. அவன் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான். கேட்கும் கடமை மைக் யார் கையில் இருக்கிறதோ அவருக்கு முதலில் வர வேண்டும். அதிகாரிக்கு, தலைவருக்கு, கூட்டத்தில் முன்வரிசையில் உட்காருகிறவருக்கு, மேடையில் நிற்கும் உங்களுக்கு. கேட்டபிறகு உடன்பட வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. அநியாயத்தை முழுதாகக் கேட்டறிந்து முழுதாக எதிர்க்கலாம். அருள்நந்தி சிவாசாரியார் பரபக்கம் எழுதியதால் உலகாயதராகிவிடவில்லை.

கேட்கப்படாதவர் குரலை மேடைக்குக் கொண்டுவந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நாஞ்சில் நாட்டிலேயே அருமையான முன்னுதாரணம் இருக்கிறது. மருமக்கள்வழி முறையில் சொத்து சகோதரி மக்களுக்குப் போனபோது மனைவியும் பிள்ளைகளும் பட்ட பாட்டைப் பற்றி வழக்குமன்றங்களில் எத்தனையோ வாதங்கள் நடந்தன. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 1917, 1918இல் 'தமிழன்' இதழில் எழுதிய நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியத்தில் கட்டுரையாக வாதாடவில்லை. குடும்பத் தலைவரான காரணவர் ஒருவரின் மனைவியைப் பேசவிட்டார். வீட்டுக்குள் அடுக்களைச் சுவரோடு முடிந்துபோன பேச்சைக் காரணவர்களே வாசித்தார்கள், சிரித்தார்கள், சிரித்தபடியே கேட்டும் விட்டார்கள். 1926இல் திருவிதாங்கூரில் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்தது. சட்டம் வரப் பலர் பாடுபட்டார்கள், பாட்டு மட்டுமே கொண்டுவந்தது என்று சொன்னால் மிகை. ஆனாலும் எதிர்த்தரப்பைத் திட்டாமல், எதிர்த்தரப்பு இதுவரை கேட்டிராத ஒருத்தியைப் பேசவிட்ட அந்த உத்தியை மேடைப் பேச்சாளர்கள் மறந்துவிடக் கூடாது.

இனி, கேட்க வந்ததைக் கேட்கிறேன். கல்லூரித் தமிழ்த் துறைகளுக்கும் போட்டி நடத்தும் மன்றங்களுக்கும் நீங்களே போய்ச் சொல்லுங்கள்: மறுத்துப் பேசும் ஒவ்வொருவரும் முதல் ஒரு நிமிடத்தை எதிரணியின் வாதத்தைத் திருப்பிச் சொல்வதற்கு ஒதுக்க வேண்டும். எதிரணிக்காரர் "நான் சொன்னது இதுதான்" என்று எழுந்து ஒப்புக்கொண்டால் பத்து மதிப்பெண். ஒப்புக்கொள்ளாவிட்டால் இன்னொரு முறை முயலலாம், அரை நிமிடம் கூடுதலாகத் தரலாம். வேண்டுமென்றே ஒப்புக்கொள்ள மறுக்கிறார் என்று நடுவருக்குத் தோன்றினால் மதிப்பெண் இழப்பவர் அவர். கேலி செய்து வாங்கும் கைதட்டலுக்கு மதிப்பெண் கிடையாது.

முதல் போட்டிக்குத் தலைப்பும் கையில் இருக்கிறது. 2016இல் மத்திய அமைச்சரவை இனயத்தில் சரக்குப் பெட்டகத் துறைமுகத்துக்குக் கொள்கையளவில் ஒப்புதல் தந்தது. எதிர்ப்பு எழுந்தது, பிறகு திட்டம் கோவளம் - மணக்குடிப் பக்கம் நகர்ந்தது, அங்கேயும் எதிர்ப்பு. வேலைவாய்ப்பு வரும் என்று உள்நாட்டில் ஒரு கூட்டம், கரையும் தொழிலும் போய்விடும் என்று கடற்கரையில் ஒரு கூட்டம். எத்தனை பேரணிகள், எத்தனை கண்டனக் கூட்டங்கள்! ஒரே மேடையில் இரண்டு தரப்பும் அமர்ந்து ஒருவர் கவலையை மற்றவர் சொல்லிக் காட்டியதை நான் பார்த்ததில்லை. கடலோர ஊர்களிலிருந்து வரும் மாணவர்கள் துறைமுகம் வேண்டும் என்ற அணியில் பேசட்டும். தோவாளைப் பக்கத்து மாணவர்கள் வேண்டாம் என்ற அணியில் பேசட்டும். பேசுவதற்கு முந்தின வாரம் கடற்கரைப் பிள்ளைகள் உள்நாட்டில் வேலை தேடும் பட்டதாரி ஒருவர் வீட்டுக்கும், உள்நாட்டுப் பிள்ளைகள் அதிகாலை மீன் ஏலம் போகும் கரைக்கும் போய்வர வேண்டும். நடுவர் மூன்று பேரில் ஒருவர் கரமடி வலை இழுத்தவராகவும் ஒருவர் வேலைதேடி ஊரைவிட்டுப் போய்த் திரும்பியவராகவும் இருக்கட்டும். மூன்றாவது நாற்காலிக்கு ஆள் கிடைக்காவிட்டால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள், வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் மேடைகளுக்கு நடுவராக வந்துபோகும் ஒரு தமிழாசிரியர்
நாகர்கோவில்